வீட்டுக்குள் இணையம்: கேபிள் இழுப்பதா, வைஃபையே போதுமா? பூச்சு வேலைக்கு முன் முடிவெடுக்க வேண்டும்

கட்டுமனை

நண்பர்களே, வணக்கம். வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு தளம், செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் கூரை. மின்குழாய் பதிக்கும் வேலை பாதி முடிந்தது, அடுத்தது பூச்சு. அதற்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

இணைய இணைப்பு கீழ்த்தளத்தில் வாசல் பக்கத்து அறைக்கு வருகிறது. நான் வேலை பார்க்கப்போகும் அறை மாடியில், நேர் எதிர் மூலையில். நாள் முழுக்க காணொளிக் கூட்டங்கள் இருக்கும். மனைவி இணையவழி வகுப்பு எடுக்கிறார். மகன் ஆன்லைன் விளையாட்டு. கூடத்தில் டிவி. வெளியே கேமரா வைக்கும் எண்ணமும் இருக்கிறது.

எலக்ட்ரீஷியன், "இப்ப எல்லாமே வைஃபைதானே சார், எதுக்கு லேன் ஒயர்?" என்கிறார். நண்பர் ஒருவர் மூன்று பெட்டி கொண்ட மெஷ் (பல வைஃபை பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தரும் அமைப்பு) வாங்கி வைத்தால் போதும் என்கிறார். தம்பியோ அறைக்கு அறை கேபிள் போட்டே தீர வேண்டும் என்று நிற்கிறான். பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைக்க மனம் வராது. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

அலைமாலை

வாழ்த்துகள் சார். என் வீட்டில் பெயருக்குக்கூட ஒரு லேன் கேபிள் கிடையாது. வைஃபை 6 ரவுட்டர் ஒன்று, வீட்டின் நடுவில் உயரமான இடத்தில் இருக்கிறது. வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே அளந்தால் அதே அறையில் கைபேசியில் 600 மெகாபிட் தாண்டுகிறது, அடுத்த அறையில் பாதி வருகிறது. நான் வாங்கியிருக்கும் இணைப்பே 300தான். அதற்கு மேல் வைஃபை எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை.

இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் லேன் போர்ட்டே இல்லை. கைபேசி, டேப்லெட் எதற்கும் கம்பி கிடையாது. மேசையை வேறு சுவருக்கு நகர்த்தினால் பதித்த சாக்கெட் கட்டிலுக்குப் பின்னால் போய்விடும். 1999இல் வந்த வைஃபை 11 மெகாபிட்தான் கொடுத்தது, அந்தக் காலத்தில் கேபிள் தேவைப்பட்டது நியாயம். இப்போது நல்ல மெஷ் வாங்குங்கள், குழாய் பதிக்கும் செலவு மிச்சம்.

செப்புவடம்

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைப்பதுதான் என் தொழில். அலைமாலை சொல்லும் எண்கள் சரிதான், நானும் அளந்திருக்கிறேன். ஆனால் கட்டுமனை ஐயாவின் தேவைக்கு அந்த எண் விடை சொல்லாது. ஸ்பீடு டெஸ்ட் காட்டுவது சில விநாடிகளின் சராசரி வேகம். காணொளிக் கூட்டத்துக்கு நான்கைந்து மெகாபிட் போதும். அதற்கு வேண்டியது, அந்த நான்கைந்து மெகாபிட் ஒரு கணமும் விட்டுப்போகாமல் வந்துகொண்டே இருப்பது.

வைஃபையில் ஒரு சேனலில், அதாவது ஒரு அலைவரிசைத் துண்டில், பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேச முடியும். ஒரே அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து, ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் வாய் திறக்கலாம் என்று விதி வைத்ததைப் போல. ரவுட்டரும் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்தான். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் இருந்தால் அவர்களும் வரிசையில் சேர்ந்துவிடுவார்கள். கேபிளில் இந்தக் காத்திருப்பு இல்லை. நெட்வொர்க் சுவிட்சிலிருந்து (லேன் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி, விளக்குச் சுவிட்ச் இல்லை) கணினிக்குப் போகும் கம்பியில் போக்கும் வரத்தும் ஒரே நேரத்தில் நடக்கும், அந்தக் கம்பியைப் பகிர வேறு ஆளும் இல்லை.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சிக்னல் குறைந்த மூலையில் இருக்கும் சாதனம் மிக மெதுவாகத்தான் பேசும், ஒரே அளவு தரவை அனுப்ப அதிக நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் ரவுட்டருக்குப் பக்கத்தில் இருப்பவரும் காத்திருக்க வேண்டும். தோட்டத்துக் கேமரா ஒன்று ஒரு கோடு சிக்னலில் படம் அனுப்பிக்கொண்டிருந்தால், கூடத்தில் ஐந்து கோடு காட்டும் கைபேசியும் சேர்ந்து தள்ளாடும்.

நான் வேலைக்குப் போகும் இடங்களில் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தெந்தச் சாதனம் இடம் மாறாது? மேசைக் கணினி, டிவி, விளையாட்டுக் கன்சோல், கேமரா, அச்சுப்பொறி. அவை அத்தனையையும் கம்பிக்கு மாற்றிவிட்டால் காற்றலை முழுவதும் கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் கிடைக்கும். வைஃபையை நன்றாக வைக்க விரும்புகிறவர்தான் முதலில் கேபிள் போட வேண்டும் என்பேன்.

நடுநிசி_ஆட்டம்

ப்ரோ, உங்க பையன் சார்பா நான் பேசுறேன். கேபிள்ல ரவுட்டருக்குப் பிங் போட்டா, அதாவது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்புற நேரத்தைப் பார்த்தா, 1 மில்லி விநாடிக்குக் கீழே, எப்பப் பார்த்தாலும் அதே. வைஃபைல 2, 3, 4ன்னு வரும், திடீர்னு ஒரு தடவை 80 அடிக்கும். சராசரியைப் பார்த்தா நல்லாத்தான் தெரியும். ஆனா ஆட்டத்துல ஆளைக் கொல்றது அந்த ஒரு 80தான். சராசரியைப் பார்க்காம அதிகபட்சத்தைப் பாருங்க.

இன்னொண்ணு, கேபிள் போட்டும் லேக் போகலைன்னு நிறைய பேர் சொல்றாங்க. அதுக்குக் காரணம் அந்தக் கேபிள் இல்ல. யாராவது பெரிய கோப்பை ஏத்தும்போது ரவுட்டர் அத்தனை பாக்கெட்டையும் (தரவுத் துண்டுகளையும்) வரிசையில தேக்கி வச்சுக்கும், உங்க ஆட்டத்துப் பாக்கெட் அந்த வரிசையோட கடைசியில நிக்கும். இதைத்தான் பஃபர்ப்ளோட்ங்கிறாங்க. ரவுட்டர்ல இந்த வரிசையை ஒழுங்குபடுத்துற எஸ்க்யூஎம் வசதி இருந்தா ஆன் பண்ணி, அதுல வேக வரம்பை இணைப்போட வேகத்தைவிடக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க. ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற மென்பொருள் ஓடுற ரவுட்டர்னா அதுல கேக்னு ஒரு முறை இருக்கு, அதைப் போடுங்க. சோதிக்கிறது சுலபம்: ஒருத்தர் பெரிய கோப்பை ஏத்தட்டும், அதே நேரம் நீங்க பிங் பாருங்க.

அலைமாலை

செப்புவடம் ஐயா, காற்றலைப் பகிர்வைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். டிவி விஷயத்தில் மட்டும் எனக்கு மறுப்பு உண்டு. பெரும்பாலான டிவிகளில் இருக்கும் லேன் போர்ட் 100 மெகாபிட்தான். அதே டிவியின் வைஃபை அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகம் காட்டும். கம்பி மாட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்வானேன்?

செப்புவடம்

நல்ல கேள்வி. 100 மெகாபிட் போர்ட் என்பது உண்மைதான், தயாரிப்பாளர்கள் ஏன் இன்னும் அதையே வைக்கிறார்கள் என்று எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் 4கே படத்துக்குப் பொதுவாக 25 மெகாபிட் இருந்தால் போதும், அதனால் 100லேயே தாராளமாக இடம் மிஞ்சும். வீட்டுச் சேமிப்பகத்தில் சுருக்காமல் வைத்திருக்கும் பெரிய 4கே கோப்புகளை ஓட்டுபவருக்கு மட்டும் சில காட்சிகளில் 100 இடிக்கும், அவர் வைஃபையையே வைத்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு டிவியைக் கம்பிக்கு மாற்றுவதன் பலன் டிவிக்கு இல்லை, பக்கத்தில் இருக்கும் கைபேசிக்கு. மாலை முழுவதும் ஓடும் சாதனம் அது. அதைக் காற்றலையிலிருந்து இறக்கினால் மற்ற எல்லோருக்கும் இடம் கிடைக்கும்.

பனிமலர்

வாடகை வீடு, ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். குழாய் பதிப்பது பற்றிய பேச்சு எங்களுக்கு ஆகாது. எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி?

செப்புவடம்

முதலில் ரவுட்டரின் இடத்தை மாற்றிப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை. அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், தரையோரத்தில் இருந்தால் வெளியே எடுத்து நெஞ்சுயரத்துக்கு மேல் வையுங்கள். நிலைக்கண்ணாடி, இரும்பு பீரோ, மீன்தொட்டி ஆகியவை சிக்னலை மறிக்கும் அல்லது உறிஞ்சும். ரவுட்டரின் யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அந்த யுஎஸ்பி எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கக்கூடியது.

அது போதவில்லை என்றால், அறைகளுக்கு டிவியின் கோஆக்சியல் கேபிள் ஏற்கெனவே ஓடுகிறதா என்று பாருங்கள். மோகா அடாப்டர் இரண்டை இரு முனையிலும் மாட்டினால் அந்தக் கேபிளே நெட்வொர்க் கம்பி ஆகிவிடும். மோகா 2.5 என்ற தலைமுறையின் உச்ச வேகம் 2.5 ஜிகாபிட். டிஷ் ஆன்டெனாவின் சிக்னல் அதே கேபிளில் வந்தால் மட்டும் அலைவரிசை மோதும், அங்கே ஆகாது.

மின் வயர் வழியாக அனுப்பும் பவர்லைன் அடாப்டர் எனக்குக் கடைசித் தேர்வு. ஒரு வீட்டில் அருமையாக ஓடும், அடுத்த வீட்டில் மோட்டார் ஓடும்போதெல்லாம் விழும். இரு சாக்கெட்டும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் இன்னும் மோசம். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் மட்டும் வாங்குங்கள். சர்ஜ் காக்கும் நீட்டிப்புப் பலகையில் மாட்டாமல் நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் மாட்டுங்கள்.

இல்லையென்றால் சுவரோரமாகத் தட்டைக் கேபிள் ஒன்றை ஓட்டுங்கள். அது கண்ணுக்கு அழகாக இருக்காது. ஆனால் நாள் முழுக்க வேலை பார்க்கும் ஒரே ஒரு மேசைக்காவது அதைச் செய்துவிட்டால் நிம்மதி.

கட்டுமனை

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்கக் கேபிள் பக்கம் மனம் சாய்கிறது. சில சந்தேகங்கள். லேன் கேபிளில் எந்தத் தர வகை, கேட் 6ஆ, கேட் 7ஆ? கடைக்காரர் கேட் 7 எடுங்கள், எதிர்காலத்துக்கு உதவும் என்கிறார். மின் வயர் போகும் குழாயிலேயே இதையும் விடலாமா? எலக்ட்ரீஷியன் விடலாம் என்கிறார். மெஷ் வாங்கச் சொன்ன நண்பர் சொல்வது முழுக்கத் தவறா?

செப்புவடம்

மின் வயர் குழாயில் விடவே கூடாது. முதல் காரணம் பாதுகாப்பு: மின் வயரின் உறை எங்காவது உரிந்தால் முழு மின்னழுத்தமும் உங்கள் கணினிக்கும் கைக்கும் வரும். இரைச்சல் எல்லாம் அதற்குப் பிறகுதான். தனிக் குழாய், மின் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி. குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

கேபிளுக்கு கேட் 6 போதும். 10 ஜிகாபிட் வேகத்தை 55 மீட்டர் வரை கொண்டுபோகும், வீட்டுக்குள் அதற்கு மேல் நீளம் வராது. கேட் 6ஏ என்றால் அதே வேகம் 100 மீட்டர், ஆனால் தடிமன் அதிகம், வளைப்பது சிரமம். பழைய வீட்டில் கேட் 5இ ஏற்கெனவே இருப்பவர்கள் அதைப் பிடுங்க வேண்டாம். ஜிகாபிட் நிச்சயம் ஓடும், 2016இல் வந்த தரத்தின்படி 2.5 ஜிகாபிட்டும் அதே கம்பியில் 100 மீட்டர் போகும். கேட் 7ஐ வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் கவச உறையை முறையாக எர்த் செய்ய வேண்டும், வழக்கமான ஆர்ஜே 45 முனையும் அந்தத் தரத்துக்காக வடிவமைத்தது கிடையாது.

எண்ணைவிட முக்கியம், கம்பி முழுச் செப்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செப்புப் பூசிய கேபிள் சந்தையில் நிறைய. சிசிஏ என்று உறையில் சிறியதாக அச்சடித்திருப்பார்கள், சிலர் அதுவும் செய்வதில்லை. இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். கனமும் குறைவாக இருக்கும். அது வளைத்தால் முறியும், கேபிள் வழியே மின்சாரம் கொடுத்தால் சூடேறும்.

எலக்ட்ரீஷியனிடம் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு. மின் வயரை ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு லூப் எடுத்துப் பழகியவர்கள் லேனையும் அப்படியே இழுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சாக்கெட்டிலிருந்தும் ஒரு முழுக் கேபிள், இடையில் ஒட்டு இல்லாமல், சுவிட்ச் இருக்கும் இடத்துக்கே நேராக வர வேண்டும். இழுக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து பலம் காட்டக் கூடாது. 11 கிலோ எடைக்கு மேற்பட்ட இழுவிசையில் உள்முறுக்கு குலையும். மூலைகளில் எல்போ போட்டு ஒடிக்காமல் அகலமான வளைவு வையுங்கள். ஒரு இடத்துக்கு ஒரு கேபிள் போடும் உழைப்பும் இரண்டு போடும் உழைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டாகவே போடுங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் கேபிளைக் குறையுங்கள், குழாயைக் குறைக்காதீர்கள். எல்லா அறைக்கும் 25 மில்லிமீட்டர் குழாய், உள்ளே ஒரு நைலான் கயிறு. நாளைக்கு ஃபைபர் வேண்டும் என்றாலும் கயிற்றில் கட்டி இழுத்துவிடலாம்.

உங்கள் நண்பர் சொன்ன மெஷ் தவறில்லை. அந்தப் பெட்டிகள் தங்களுக்குள் காற்றிலேயே பேசிக்கொண்டால்தான் சிக்கல். வந்த தரவையே அதே ரேடியோவில் மறுபடி அனுப்ப வேண்டியிருப்பதால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் பாதியாகும். இதற்கெனத் தனி ரேடியோ உள்ள விலை உயர்ந்தவற்றில் இழப்பு குறைவு, ஆனால் கான்கிரீட் கூரையை அந்த ரேடியோவும் தாண்டியாக வேண்டும். பெட்டிகளைக் கேபிளால் இணைத்துவிட்டால் கூரை ஒரு தடையே இல்லை. தம்பியும் நண்பரும் சண்டை போட வேண்டியதில்லை, தம்பி சொன்ன கேபிளின் நுனியில் நண்பர் சொன்ன பெட்டியை மாட்டுங்கள்.

ஈரோடை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், கேபிள் பற்றியே ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் கேபிள் போட்டுத்தான் இருக்கிறது. இணைப்பு 500 மெகாபிட். கணினியில் 94, 95க்கு மேல் போகவே இல்லை. வைஃபையில் 400 வருகிறது. கேபிளைக் கழற்றி எறிந்துவிடலாமா?

செப்புவடம்

எறியாதீர்கள். 94, 95 என்ற எண்ணே காரணத்தைச் சொல்கிறது. உங்கள் கம்பி 100 மெகாபிட்டில் இணைந்திருக்கிறது. ஜிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும். ஒரு இழை சரியாகத் தொடவில்லை என்றாலும் இரு முனையும் 100க்கு இறங்கி ஒப்பந்தம் செய்துகொள்ளும், 100க்கு நான்கு இழை போதும் என்பதால். நெட் வேலை செய்துகொண்டே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

முதலில் கணினிக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சிறு கேபிளை மாற்றுங்கள், பெரும்பாலும் அதுதான். பிறகு சுவர்ச் சாக்கெட்டைத் திறந்து இழைகளைப் புதிதாகக் குத்துங்கள். இரு முனையிலும் நிற வரிசை ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் டி568பி என்றால் மறுபக்கமும் அதுவே. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். அப்படியும் 100 என்றால் இடையில் இருக்கும் சுவிட்சே பழைய 100 மெகாபிட் சுவிட்சா என்று பாருங்கள்.

ஈரோடை

சிறு கேபிளேதான் ஐயா! மாற்றியதும் 480 வருகிறது. மிக்க நன்றி.

வான்நோக்கி

வைஃபைக்காரர்களுக்கு என் பங்குக்கு ஒரு தகவல். விமான நிலையம், வானிலை ரேடார் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை காரணமில்லாமல் காணாமல் போய் ஒரு நிமிடம் கழித்து வந்தால், பெட்டி பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடாருடன் பகிர்ந்துகொள்கிறோம். ரேடார் அலையை உணர்ந்தால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும், அதே வகையில் வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி கேட்ட பிறகே பேசலாம். 36 முதல் 48 வரை உள்ள சேனலில் கையால் நிறுத்திவிடுங்கள், அந்தத் தொல்லை ஓயும். 2.4இல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

இன்னொன்று, இது வெறும் ஆர்வத்துக்காக. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் தீவுகளுக்கிடையே வானொலி அலையில் கணினிகளை இணைத்த அலோஹாநெட்டிலிருந்துதான் 1973இல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டுக்கான யோசனையை எடுத்தார். கம்பி வலையின் மூலக்கருத்தே காற்றில் பிறந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்புத் தரும்.

அலைமாலை

அருமையான தகவல். கட்டுமனை சாருக்கு என் பழைய பதிலைத் திருத்திச் சொல்கிறேன்: கட்டி முடித்த சிறிய வீடு என்றால் இன்றும் வைஃபைதான் என் பரிந்துரை. சுவர் திறந்திருக்கும்போது கேபிள் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுமனை

முடிவு எடுத்துவிட்டேன். வேலை அறை, மகன் அறை, டிவிச் சுவர் மூன்றுக்கும் இரண்டிரண்டு கேட் 6. மற்ற அறைகளுக்குக் குழாயும் கயிறும் மட்டும். மாடியிலும் கீழேயும் ஒவ்வொரு வைஃபை பெட்டி, இரண்டும் கேபிளில். எலக்ட்ரீஷியனிடம் தனிக் குழாய், லூப் கூடாது என்று படம் வரைந்து கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக இரண்டு கேள்வி. கேமராவுக்கு வைஃபை போதாதா? பின்பக்கம் தனியாக ஒரு சிறு கட்டடம் எழுப்பும் எண்ணம் உண்டு, அதற்கும் இதே கேபிளை மண்ணுக்கடியில் கொண்டுபோகலாமா?

செப்புவடம்

வைஃபை கேமராவுக்கும் மின்சாரம் கொடுக்க ஒரு வயர் இழுத்தே ஆக வேண்டும். அந்த வயரே லேன் கேபிளாக இருந்தால் மின்சாரமும் படமும் ஒன்றிலேயே போகும். அப்படிக் கேபிளிலேயே மின்சாரமும் தரும் பிஓஇ சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். அடிப்படைத் தரமே ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தருகிறது, சாதாரண கேமராவுக்கு அது போதும். வைஃபை பெட்டிகளையும் பிஓஇ வகையாக எடுத்துக் கூரையின் நடுவில் பொருத்தினால் அங்கே தனிச் சாக்கெட் தேவையில்லை. வகை முடிவாகவில்லை என்றாலும் அந்த இரண்டு இடத்துக்கும் கேபிள் இப்போதே வரட்டும். இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், வெவ்வேறு சேனல், அனுப்பும் சக்தி நடுத்தரத்தில். சக்தி அதிகமாக இருந்தால் மாடிக்கு ஏறிய கைபேசி கீழ்ப்பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எப்போது மாறுவது என்று தீர்மானிப்பது பெட்டி இல்லை, கைபேசிதான்.

பின்கட்டடத்துக்குச் செப்பு வேண்டாம். அருகில் இடி இறங்கினால் அந்தக் கம்பி வழியே இரண்டு கட்டடத்துச் சாதனங்களும் போகும். இரு கட்டடத்து எர்த்தும் ஒரே அளவில் இராது என்பது இன்னொரு ஆபத்து. ஃபைபர் போடுங்கள், கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இப்போதைக்கு வீட்டிலிருந்து அந்த இடம் வரை ஒரு குழாயை மட்டும் புதைத்து இரண்டு முனையையும் மூடி வையுங்கள்.

பூச்சுக்கு முன் ஒவ்வொரு கேபிளையும் டெஸ்டரில் மாட்டி எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள், இரு முனையிலும் எண் எழுதி ஒட்டுங்கள். திறந்த சுவர்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அலமாரி அடிக்க வருபவருக்குக் குழாய் எங்கே ஓடுகிறது என்று காட்ட உதவும்.

கட்டுமனை

படம் எடுக்கும் யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாளை காலை வேலை தொடங்குமுன் எல்லாச் சுவரையும் எடுத்துவிடுகிறேன். டெஸ்டரும் சொல்லிவிட்டேன்.